மூன்றாவது பிளேடு

"இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு."

அரை நிமிடத்துக்கு ஒரு தடவை இது. கேட்பது ஜெபராணி. பதில் சொல்வது பொன்னுலிங்கம். டிரோன் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஓட்டுகிறவர் கண்ணிலும் இருக்க வேண்டும், பக்கத்தில் நின்று கவனிக்கிறவர் கண்ணிலும் இருக்க வேண்டும், வெறுங்கண்ணில். கையிலிருக்கும் திரை கணக்கில் சேராது. டிரோன் எதைப் பார்க்கிறதோ அது திரையில் தெரியும். டிரோன் தெரியாது. அதன் முதுகுக்குப் பின்னால் பருந்து வருகிறதா, கம்பி ஓடுகிறதா, எவனாவது அடியில் நிற்கிறானா, ஒன்றும் தெரியாது. அதனால் கண்ணில் வை என்கிறது சட்டம். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கத்து என்று சட்டம் சொல்லவில்லை. அது பொன்னுலிங்கம் வைத்த சட்டம். இரண்டு வருஷமாக அவர் டிரோன் பறக்கிற இடத்திலெல்லாம் இந்தக் கேள்வியும் பதிலும் கேட்கும். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். காற்றாலை என்ஜினியர் பிரகதீஷ், நேற்றுத்தான் படித்து முடித்த மாதிரி முகம், காலையிலேயே கேட்டான்: "என்ன சார் இது, பூசாரி மணி ஆட்டுற மாதிரி?" பொன்னுலிங்கம் ரிமோட்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சொல்லிப் புரிய வைக்கிற வயதெல்லாம் தாண்டியாயிற்று. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, தை மாதத்து எட்டரை மணி வெயிலில், நிறுத்திப் பூட்டிய காற்றாலைக்கு எதிரே நின்றுகொண்டு, கழுத்தில் தொங்கும் ரிமோட்டில் இரண்டு கட்டைவிரல்களையும் ஊன்றி, இன்றைக்கு எண்பதாவது தடவையோ தொண்ணூறாவது தடவையோ "இருக்கு" என்றார். இல்லை. வானம் இருந்தது. தூண் இருந்தது. தூணின் உச்சியிலிருந்து தலைகீழாகத் தொங்கும் மூன்றாவது பிளேடு இருந்தது, வெள்ளையாக, நீளமாக. டிரோன் இல்லை.

எங்கே போயிருக்கும், அங்கேதான் இருக்கிறது. சத்தம் கேட்கிறதே. தேனீ ஒன்று குடத்துக்குள் மாட்டிக்கொண்ட சத்தம். நேரே பார்த்தால் மறையும். ஒதுங்கி, தூணின் உச்சியைப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தால், ஓரத்தில் ஒரு கரும்பொட்டு வரும். வந்துவிட்டதே என்று அதன் பக்கம் திரும்பினால் போய்விடும். கண்ணாமூச்சி விளையாடுகிற வயதா இது. கண் டாக்டரம்மா கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள் ஒன்றைக் காட்டினாள், ஐப்பசியில், திருநெல்வேலியில், வெளியே மழை. நடுவில் இருக்கிற புள்ளியைப் பாருங்க சார். பார்த்தார். கோடுகள் எல்லாம் புள்ளியை நோக்கி வளைந்தன, வடிகாலில் இறங்குகிற தண்ணீர் மாதிரி. புள்ளி இருந்த இடத்தில் சாம்பல். தாள் அழுக்கா இருக்கும்மா என்றார். அவள் சிரிக்கவில்லை. "இடது கண்ணுல நடுப்பகுதி தேஞ்சிருக்கு சார். ஓரம் எல்லாம் நல்லா இருக்கும். நேரா எதைப் பாக்கீங்களோ அது மட்டும் தெரியாது." வலது? "அதுல புரை. கிட்டத்துல பேப்பர் படிக்கலாம். தூரம் மங்கும்." என்ன வேலை பாக்கீங்க என்று கேட்டாள். ரிட்டயர்டு என்றார். அது பொய்யும் இல்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், ஐம்பத்தைந்தில் விருப்ப ஓய்வு, இப்போது அறுபத்தொன்று. பொய் இல்லை, ஆனால் உண்மையை நேராகப் பார்க்காமல் ஒதுங்கிப் பார்த்த பதில். அன்றைக்கே கற்றுக்கொண்டார் போலிருக்கிறது, ஒதுங்கிப் பார்க்க. கண்ணுக்குள் போடுகிற ஊசிக்குத் தேதி குறித்துக் கொடுத்தாள். தேதி போய்விட்டது. பொங்கல் கழியட்டும் என்று நினைத்தார். பொங்கலும் கழிந்துவிட்டது.

"இருக்கா அண்ணாச்சி?" இருக்கு. "எனக்கும் இருக்கு." குரல் எவ்வளவு சுளுவாக வருகிறது, பாரு. வாய் தானாகச் சொல்கிறது. கண்ணைக் கேட்டுச் சொல்வதில்லை, காதைக் கேட்டும் சொல்வதில்லை, ஜெபராணியின் குரலைக் கேட்டுச் சொல்கிறது. அவள் குரலில் பதற்றம் இல்லையென்றால் டிரோன் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் நான்கு மாதமாக ஓட்டுவது யார்? விரல் என்னுடையது, கண் அவளுடையது. அது அவளுக்குத் தெரியாது. அவள் கணவன் குவைத்தில் இருக்கிறான், மகள் ஆறாவது படிக்கிறாள். மகளிர் குழுவில் பெயர் கொடுத்து, வயலுக்கு மருந்தடிக்கிற டிரோன் ஓட்டப் படித்து, சான்றிதழும் வைத்திருக்கிறாள், கார் லைசென்ஸும். ஆனால் ரிமோட்டை அவர் அவளிடம் கொடுத்ததில்லை. "வயலு வேற, டவர் வேற" என்பார். அவளும் விட்டுவிட்டாள். கவனிக்கிற வேலை போதும் அண்ணாச்சி, கழுத்து வலிதான், வேற ஒண்ணுமில்ல என்று சிரிப்பாள். நாள் முழுக்க அண்ணாந்து அண்ணாந்து அவளுக்குப் பிடரியில் தைலம் தேய்த்த மணம் எப்போதும் வரும். இப்போதும் வருகிறது. திரையில் பிளேடின் தோல் நகர்கிறது. வெள்ளைப் பெயிண்ட், அதில் மழையும் மணலும் அரித்த சொரசொரப்பு, ஒரு இடத்தில் மயிர் மாதிரி வெடிப்பு. அது தெரிகிறது. கிட்டத்தில் இருக்கிற எதுவும் தெரிகிறது. வெடிப்பைப் படம் எடு. இறங்கு. அடுத்தது. இதற்குக் கண் போதும். படம் எடுக்கிறதுதானே வேலை, படம் நன்றாகத்தானே வருகிறது, யாருக்கு என்ன நஷ்டம். இப்படி ஒரு குரல் உள்ளே பேசும். அந்தக் குரலை அவருக்கு அடையாளம் தெரியும். பழைய கூட்டாளி அருளப்பன் குரல்.

அருளப்பனை நினைக்கக் கூடாது என்று காலையில் கிளம்பும்போது முடிவு செய்திருந்தார். காலையில் எல்லாம் சரியாகவே செய்தார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. செயலியைத் திறந்து இந்த இடம் பச்சை வட்டத்தில் இருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று பார்த்தார். டிரோனின் வயிற்றில் ஒட்டியிருக்கும் பதிவு எண்ணைத் துடைத்தார். விசிறி நான்கையும் நகத்தால் சுண்டி விரிசல் இருக்கிறதா என்று சத்தம் கேட்டார். இரும்புத் தூணுக்கும் ஜீப்புக்கும் நூறடி தள்ளிப் போய்த் திசைகாட்டியைச் சரி செய்தார், இரும்புப் பக்கத்தில் செய்தால் அதற்குக் கிழக்கு மேற்கு குழம்பும். என்ஜினியரிடம் பூட்டின சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பூட்டியாச்சு சார்" என்றால் போதாது. சாவி கைக்கு வர வேண்டும். மின்வாரியப் பழக்கம். கம்பத்தில் ஆள் ஏற லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரம் நிறுத்திய சீட்டு, வாங்கினால், வாங்கினவன்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு எவன் கொடுத்தாலும் செல்லாது. ஒன்பது பேர் ஏறினால் ஒன்பது பேரும் இறங்கி முன்னால் வந்து நின்ற பிறகுதான் மின்சாரம். மந்திரி கூட்டம் இருட்டில் கிடக்கிறது என்று அதிகாரி போனில் கத்தினார் ஒரு நாள். எட்டுப் பேர்தான் நிக்காங்க சார் என்றார் பொன்னுலிங்கம். ஒன்பதாவது ஆள் ஒதுக்குப்புறமாக ஒன்றுக்குப் போயிருந்தான். அவன் வந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, எதிரே நின்று, இவர் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அவரைக் கண்டால் எல்லாருக்கும் எரிச்சல். ஆனால் அவர் பிரிவில் ஒருத்தன் சாகவில்லை. கண்ணால் பார்த்த பிறகு. கண்ணால். சனியன், எந்தப் பக்கம் நினைத்தாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. "இருக்கா அண்ணாச்சி?" இருக்கு. "எனக்கும் இருக்கு. ஆட்டுக்காரரு திரும்பி வாறாரு போலுக்கே." வரட்டும். பாத்துக்கோ.

அருளப்பன் அப்படியொன்றும் மோசமான ஆள் இல்லை. கல்யாண வீடியோ எடுத்தவன், டிரோனுக்கு வந்தான், இவரும் அவனும் சேர்ந்து ஒரு வருஷம் தொழில் பார்த்தார்கள். அவன் ஓட்டுவான், இவர் கவனிப்பார். கடலோரத்தில் ஒரு கோவில் திருவிழா, சப்பரம் வருகிறது, ஜனம் நெருக்குகிறது. ஜனத்துக்கு மேலே போகாதே என்று இவர் சொன்னார். மேல போகலை அண்ணாச்சி, ஓரமாத்தான் என்றான். ஓரமாகத்தான் போனான். டிரோன் கோபுரத்துக்குப் பின்னால் போயிற்று. திரையைப் பார்த்துக்கொண்டே திருப்பினான். சீரியல் பல்பு தொங்கின வயர், திரையில் தெரியவில்லை, மேலே வானத்தைப் பார்க்க நேரமில்லை. சிக்கி விழுந்ததில் ஒரு அம்மாவுக்குத் தோளில் பதினோரு தையல். அவள் கையிலிருந்த பூத்தட்டு கீழே விழுந்து உருண்டு உருண்டு போய் ஒரு கடைக்காரன் காலில் முட்டி நின்றது. அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை. விபத்து நடந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். கவனித்தவன் வாக்குமூலமும் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில், டீக்கடை பெஞ்சில், அருளப்பன் இவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு நிமிசம் அண்ணாச்சி. ஒரு நிமிசம்தான் கண்ணுல இல்ல. இருந்துச்சுன்னு எழுதிருங்க. உங்க கைதானே எழுதுது." என் கைதான், அதான் எழுத மாட்டேன் என்றார். எழுதினார்: டிரோன் ஓட்டுநரின் பார்வையில் இல்லை. அதோடு விட்டாரா? இல்லை. விட்டிருக்கலாம். அவன் அழுதுகொண்டிருந்தான். "கண்ணுல இல்லாதத பறக்கவிடுறவனும் கூட்டத்துல கல்லெறியறவனும் ஒண்ணுதாம்ல. எங்க போயி விழும்னு ரெண்டு பேருக்கும் தெரியாது" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாரும் கேட்கும்படி சொன்னார். அருளப்பன் இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அந்தத் தெருவழியாக இவர் போவதில்லை. போக வேண்டிய வேலை வரும்போதும் சுற்றித்தான் போகிறார். அவன் ஒரு நிமிடம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. இவருக்கு எத்தனை நிமிடம்? நிமிடமாகக் கணக்குப் போட்டால் வராது. அரை நிமிடத்துக்கு ஒரு இருக்கு. எத்தனை இருக்கு? அவனாவது ஒரு தடவை பொய் எழுதச் சொன்னான், எழுதவில்லை. நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், வாயால், சத்தமாக, ஆளை வைத்துக்கொண்டு.

பிளேடின் முன்பக்கம் முடிந்தது, பின்பக்கம் முடிந்தது. இனி விளிம்பு. விளிம்புதான் சள்ளை பிடித்த வேலை. மூன்று பிளேடையும் எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், ஒன்று நேர் கீழே தொங்கும், மற்ற இரண்டும் மேலே விரித்த கை மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும். முன்னாலோ பின்னாலோ நின்று படம் எடுத்தால் டிரோனின் தலைக்கு மேலே வானம். விளிம்பை எடுக்கப் பக்கவாட்டில் போனால் அதன் தலைக்கு நேர் மேலே, விரித்த கை. அந்த நேரத்தில் ஹோம் பட்டனைத் தொடவே கூடாது. தொட்டால் டிரோன் எங்கிருந்து கிளம்பியதோ அங்கே திரும்பி வரும், நல்லதுதான், ஆனால் முதலில் நேர் மேலே ஏறும், குறித்து வைத்த உயரம் வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஏறும். மேலே பார்க்கிற கருவி இவருடைய டிரோனில் கிடையாது. அதே மாதிரி பாட்டரி இருபத்தைந்துக்குக் கீழே போனாலும் யாரையும் கேட்காமல் தானாகக் கிளம்பிவிடும். இப்போது நாற்பத்தொன்று. நேரம் இருக்கிறது. இடது கட்டைவிரல் கீழே. இறங்கு. நில். படம். விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டை ஓரமாகப் பிய்ந்து, வாழைச்சருகு மாதிரி ஆடுகிறது. ஆடுகிறதா? காற்றா? மலைப்பக்கமிருந்து இந்நேரம் காற்று வராது, பத்து மணிக்கு மேல்தான் வரும். ஆனால் இந்தக் கணவாயை நம்ப முடியாது.

"அண்ணாச்சி, மாசானத்தய்யா கயித்தத் தாண்டி உள்ள வந்துட்டாரு." ஆட்டுக்காரரைத்தான் சொல்கிறாள். காலையிலேயே ஒரு தடவை அனுப்பியாயிற்று. டிரோனுக்கு அடியில் ஆள் வரக் கூடாது என்று சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது, வட்டமாக, தூணைச் சுற்றி. மாசானம் அப்போது அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏ யம்மா, இந்த வண்டு என் ஆட்ட எண்ணிட்டுப் போயி சர்க்காருக்குச் சொல்லுமோ?" என்று கேட்டார். ஜெபராணி, "ஆமாய்யா, மொத்தம் முப்பத்திரெண்டு, ஒண்ணு நொண்டி, பேரோட சொல்லிட்டு" என்றாள். கிழவர் சிரித்துக்கொண்டே போனார். இப்போது நொண்டி ஆடு உள்ளே ஓடிவிட்டதாம், பின்னாலேயே அவரும் வந்துவிட்டாராம். ஜெபராணி கத்தினாள், அவருக்குக் காது மந்தம். "நான் போயி அனுப்பிட்டு வாறேன் அண்ணாச்சி. வானத்த நீங்க பாத்துக்கிடுங்க." சரியான நடைமுறை. ஒருத்தர் தரையைப் பார்க்கப் போனால் இன்னொருத்தர் வானத்தை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. இவர் சொல்லிக் கொடுத்ததுதான். பொன்னுலிங்கம் சரி என்று தலையாட்டினார். அவளுடைய செருப்புச் சத்தம் சரளைக்கல்லில் போயிற்று. தைல மணம் போயிற்று. அதற்கப்புறம்தான் உறைத்தது.

யாரும் பார்க்கவில்லை. வானத்தில் மூன்றரைக் கிலோ சாமான் ஒன்று, நான்கு கத்தி சுற்றிக்கொண்டு நிற்கிறது, அதை உலகத்தில் யாரும் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் முதல் தடவை. இல்லை, நான்கு மாதத்தில் அவள் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது, போனை எடுத்துப் பார்த்தபோது, தும்மினபோது? அப்போதெல்லாம் யார் பார்த்தார்கள்? உள்ளங்கை ஈரம். ரிமோட் வழுக்குகிறது. ஒதுங்கிப் பார். தூணின் உச்சியைப் பார். வா. ஓரத்தில் வா. வரவில்லை. வெயில் பிளேடில் பட்டு வானமெல்லாம் பாலாகக் கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் இடதுபுறம் பார். ஏதோ ஒரு கருப்பு. அதா? அது நகர்கிறது, டிரோன் நிற்கத்தானே சொல்லியிருக்கிறேன். பருந்தா? பருந்துக்கு இது பங்காளி, கண்டால் வந்து கொத்தும். இமைத்தார். கருப்பும் சேர்ந்து இமைத்தது. கண்ணுக்குள் இருக்கிற பூச்சி. சரி, இறக்கிவிடு. எதற்கு வம்பு. நேர் கீழே இறக்கு. நேர் கீழே யார் நிற்கிறார்கள்? ஜெபராணி. மாசானம். நொண்டி ஆடு. அவர்கள் போய்விட்டார்களா, அங்கேயே நிற்கிறார்களா, அறுபது எழுபது அடிக்கு அப்பால் எல்லாம் துணி துணியாக அசைகிறது. எது சேலை, எது ஆடு? சரி, பின்னால் இழு. பின்னால் என்ன இருக்கிறது? காற்றின் வேகம் அளக்கிற கம்பம். அதை நாலு பக்கமும் இழுத்துக் கட்டின ஸ்டே கம்பி. விரல் கனம்கூட இல்லாத கம்பி. முப்பது வருஷம் ஸ்டே கம்பி கட்டின ஆளுக்கு அது எந்தக் கோணத்தில் இறங்கும் என்று தெரியும், எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை. மேலே? மேலே விரித்த கை. மேலே போக முடியாது, கீழே போக முடியாது, பின்னால் போக முடியாது, முன்னால் பிளேடு. அப்படியே நிறுத்தி வை. நிற்கும். அவள் வரட்டும். இரண்டு நிமிடம். வந்ததும் கேட்பாள். இருக்கு என்று சொல்லலாம். எல்லாம் பழையபடி ஆகிவிடும். பாட்டரி முப்பத்திரண்டு. திரையில் விளிம்பு ஆடியது. பட்டை ஆடவில்லை, விளிம்பே ஆடியது. டிரோன்தான் ஆடுகிறது. காற்று. முதல் காற்று, கன்னத்தில் பட்டது, சில்லென்று, புல்வாசத்தோடு, வேறு நாளாக இருந்தால் நின்று அனுபவித்திருப்பார். முப்பத்தொன்று. காற்றை எதிர்த்து நிற்க அது கூடுதலாகத் தின்கிறது. முப்பது. இருபத்தைந்தில் தானாகக் கிளம்பும். கேட்காது. நேர் மேலே. பிளேடில் மோதும். பிறகு நேர் கீழே.

"அண்ணாச்சி!" அங்கிருந்து கத்தினாள். குரல் எங்கிருந்து வருகிறது என்று காது சொன்னது. அடியிலிருந்துதான் வருகிறது. நேர் அடியிலிருந்து. அவளும் கிழவரும் ஆட்டைப் பிடித்து இழுக்கிற சத்தம். "காத்து வருதே! கண்ணுல இருக்கா?"

வாய் திறந்துவிட்டது. இ என்கிற எழுத்து நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு பழக்கம். இருக்கு என்று சொன்னால் அவள் நிதானமாக ஆட்டை ஓட்டுவாள், அவளுக்கு என்ன அவசரம், அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கிறார், எட்டுப் பேர் நின்றால் எட்டுப் பேர் என்று சொல்கிற ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ஜினியர் தூணின் கதவோரம் போனில் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் காதில் விழும். இன்றைக்கு விழுந்தால் நாளைக்கு இந்தக் கணவாய் முழுக்கத் தெரியும். நாளை மறுநாள் ஜெராக்ஸ் கடை வரைக்கும் போகும். இருபத்தொன்பது.

"இல்ல" என்றார்.

அது அவருக்கே கேட்கவில்லை.

"இல்ல ஜெபா! என் கண்ணுல இல்ல! அடியில நிக்காத, வெளிய ஓடு!"

சரளையில் செருப்புச் சத்தம் நின்றது. பிறகு அவள் குரல், வேறு ஒரு குரல், இவர் கேட்டேயிராத குரல்: "கையை எடுங்க! குச்சியைத் தொடாதீங்க! அப்படியே நிக்கட்டும்!" கட்டைவிரல்களை எடுத்தார். எடுத்த விரல்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சரளையில் ஓட்டம். "ஏ யம்மா, துண்ட விடு, கிழிச்சிராத" என்று மாசானம் கத்துகிறார், ஆடு கத்துகிறது, அவரைத் துண்டோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறாள் போலிருக்கிறது. பிறகு ஒரே ஓட்டமாக இவரை நோக்கி. மூச்சு. தைலம். அவர் கழுத்துப் பட்டையைக் கழற்றப் பார்த்தார், கொக்கி சிக்கிக்கொண்டது. அவளே தலைவழியாக உருவினாள், காது மடல் எரிந்தது. "நகருங்க" என்றாள். நகர்ந்தார். அவள் அண்ணாந்து பார்த்தாள். திரையைப் பார்க்கவே இல்லை. வயலுக்கு மருந்தடிக்கிற கை, வலது கட்டைவிரல் ஒரு நெல்மணி அளவு அசைந்தது, இடது கொஞ்சம். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். தேனீச் சத்தம் பக்கவாட்டில் வந்தது, தாழ்ந்தது, காற்றில் ஒரு தடவை இழுபட்டது, மறுபடி வந்தது. அதற்குமேல் தாழ்ந்தது. ரிமோட் கீச்சென்று கத்தத் தொடங்கியது, பாட்டரி முடிகிறது என்று. ஆனால் அதற்குள் டிரோன் பிளேடை விட்டு வெளியே வந்திருந்தது, மேலே வெறும் வானம், அது அவருக்கு அவள் தோள் இறங்கினதில் தெரிந்தது. இறங்குவதற்காக விரித்திருந்த விரிப்பில் அதன் கால்கள் ஊன்றின சத்தம். சுழன்று, சுழன்று, அடங்கியது.

இறங்கின பிறகும் ஒரு நடைமுறை உண்டு. விசிறி நின்றதை இரண்டு பேரும் பார்த்துச் சொல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. அவள் டிரோனைப் பார்த்தபடியே கேட்டாள். "விசிறி நின்னாச்சா?"

"சத்தம் நின்னுட்டு. விசிறி எனக்குத் தெரியல."

அவள் தலையாட்டினாள். தானே போய்ப் பாட்டரியைக் கழற்றினாள். வந்தாள். இரண்டு கையையும் சேலையில் துடைத்தாள்.

"எத்தன நாளா?"

"ஐப்பசியிலேர்ந்து."

அவள் எதையோ எண்ணினாள். உதடு அசைந்தது.

"பாலத்து வேலை. தூணுக்கு அடியில நின்னேன்."

"ம்."

"செல்போன் டவர். அது மார்கழியில."

"ம்."

"அன்னைக்கு எம்மவ கூட வந்திருந்தா. லீவுன்னு கூட்டிட்டு வந்தேன். கயித்த ஒட்டி நின்னா. நீங்க இருக்குன்னு சொல்லுததக் கேட்டு அவளும் கூடச் சேந்து இருக்கு இருக்குன்னு கத்தினா. நீங்க சிரிச்சீங்க."

அந்தப் பிள்ளை மஞ்சள் சட்டை போட்டிருந்தது. சட்டை ஞாபகம் இருக்கிறது. முகம் மங்கலாகத்தான் இருந்தது அன்றைக்கும். ஜெபராணி கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவப்புக் கயிற்றுக்கு வெளியே மாசானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் அசைவு, அதுவும் ஓரப்பார்வையில்.

பிரகதீஷ் போனை வைத்துவிட்டு வந்தான். "என்ன சார், மூணாவது முடிஞ்சுதா? பூட்ட எடுத்துரலாமா? மெஷின் நிக்க நிக்க மேலேர்ந்து கேக்குறாங்க."

ஜெபராணி பொன்னுலிங்கத்தைப் பார்த்தாள். அவள் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது, கிட்டத்தில் நின்றதால்.

"முடியல" என்றார். "விளிம்பு பாதிதான் ஆச்சு. எனக்குத் தூரத்துல கண்ணு தெரியல. ஓட்டக் கூடாத ஆளு ஓட்டிட்டேன்."

"இப்பத்தானா சார்? தூசி கீசி விழுந்துச்சா?"

"நாலு மாசமா."

அவன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வழி கண்டுபிடித்தவன் மாதிரி சிரித்தான். "அதுக்கென்ன சார், மேடத்துக்குச் சர்ட்டிபிகேட் இருக்குல்ல. அவங்க ஓட்டட்டும். நீங்க பக்கத்துல நின்னு இருக்கு, இருக்குன்னு சொல்லிட்டு இருங்க. அரை மணிநேர வேலை."

"அதச் சொல்லுததுக்குக் கண்ணு வேணும் சார்" என்றாள் ஜெபராணி. "ரெண்டு பேரு வேலைக்கு ஒரு ஜோடிக் கண்ணுதான் இருக்கு. இன்னைக்கு அவ்வளவுதான்."

அவன் மறுபடியும் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். அவர்கள் சாமான்களைக் கட்டினார்கள். கயிற்றை அவள் சுற்றினாள். விரிப்பின் நான்கு மூலை ஆணியையும் அவர் பிடுங்கினார், குனிந்து, கையால் தடவி, நான்கும் வந்துவிட்டதா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்து. பறப்புக் குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்து, பறப்பு பாதியில் முடிந்த காரணம் என்கிற இடத்தில் எழுதினார். எழுத்து தெளிவாகத்தான் விழுந்தது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் தெளிவுதான். அவள் வாங்கிப் படித்தாள். "ஐப்பசின்னு போடுங்க. தேதியோட" என்றாள். போட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். இந்த வழி பழகினது, எட்டு வைத்து எண்ணிப் போகலாம். ஊசிக்கு நாளைக்கே போவது. அருளப்பனிடம் போவதா? போய் என்ன சொல்ல? அதைப் பிறகு யோசிக்கலாம். பெட்டியைப் பின்னால் வைத்தார். வலது பக்கத்துக் கதவுக்கு வந்து சட்டைப்பையில் கை விட்டார்.

ஜெபராணி அந்தக் கதவில் சாய்ந்து நின்றாள். கையை நீட்டியிருந்தாள்.

"சாவி."

அவருக்குப் புரியவில்லை. புரிந்தது.

"மெயின் ரோடுதானே ஜெபா. மெதுவாத்தான..."

அவள் கையை எடுக்கவில்லை. விடிகாலையில் நாகர்கோவிலிலிருந்து இந்த ஜீப்பில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட வாசல்கள் வழியாக. நேற்றும். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஜீப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். வாங்கின நாளிலிருந்து அந்தக் கதவை அவர் திறந்ததில்லை. கைப்பிடி எங்கே என்று தடவினார். ஏறி உட்கார்ந்து, பெல்ட்டுக்காக வலது தோள்பக்கம் கை போனது, இல்லை, இந்த இருக்கைக்கு இடது தோள்பக்கம். இழுத்தார். கொக்கி மாட்டுகிற இடம் தட்டுப்படவில்லை. ஜெபராணி குனிந்து மாட்டிவிடவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, முன்னால் பார்த்தபடி, அவர் தேடிக் கண்டுபிடித்து மாட்டி முடிக்கிறவரை வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.